5 முதல் 8 வயசுப் பிள்ளைகளுக்கு ஆட்டமும் அசைவுமாக சங்கீதம்: கும்மாளம் மட்டும் மிஞ்சாமல் இருக்க என்ன செய்யணும்?

#1 பனையோலை

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சனிக்கிழமை காலை வகுப்பு. 22 பிள்ளைகள். பாதிப் பேர் வீட்டில் தமிழ், மீதி மலையாளம், நாலைந்து பேருக்கு ரெண்டும். ஹால் 20 அடிக்கு 30 அடி, சிமெண்ட் தரை, தகரக் கூரை. கைவசம் சுருதிப்பெட்டி ஒன்று, 49 கட்டை கீபோர்டு ஒன்று, கஞ்சிரா ஒன்று. நேரம் 45 நிமிஷம்.

சரளிவரிசைக்கு, அதாவது ஆரம்ப ஸ்வரப் பாடத்துக்கு, உட்கார வைத்தால் பத்து நிமிஷத்தில் கலைகிறது. விளையாட்டு வைத்தால் சத்தம்தான், முடிந்ததும் பார்த்தால் தாளமும் ஏறவில்லை, ஸ்வரமும் ஏறவில்லை. பாட்டுப் போட்டு ஓட விடுவது, நிறுத்தினதும் நாற்காலியில் உட்காருவது, இந்த மாதிரிதான் இதுவரை. எதை மாற்றணும்? எந்த வரிசையில் போகணும்? அளவோடு, கணக்கோடு சொன்னால் உபகாரம்.

#2 தாளக்கட்டு

டீச்சர், ஒரு ஆட்டம் சங்கீதத்துக்கு உதவுமா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கு. காதைப் பொத்திக்கொண்டு ஒரு பிள்ளை அந்த ஆட்டத்தை ஜெயிக்க முடியுமா? முடியும் என்றால் அது நல்ல ஓட்டம், நல்ல உடற்பயிற்சி, அவ்வளவுதான். நாற்காலி ஆட்டத்தில் அடுத்தவன் உட்காருவதைக் கண்ணால் பார்த்தே உட்காரலாம், காதுக்கு வேலையே இல்லை. இன்னொரு கோளாறும் அதில் உண்டு: தாளம் தப்புகிறவன் முதலில் வெளியே போய்விடுகிறான். பயிற்சி யாருக்கு அதிகம் வேணுமோ அவனே சும்மா உட்கார்ந்திருப்பான். வெளியேற்றும் ஆட்டம் எதையும் வைக்காதீங்க. வைத்தே ஆகணும் என்றால் வெளியே வருகிறவன் கையில் கஞ்சிராவைக் கொடுங்க, அடுத்த சுற்றுக்கு அவன்தான் நடை.

முதல் மூணு வாரம் ஸ்வரத்தைத் தொடாதீங்க. நடை மட்டும். அதிலும் எல்லாரும் செய்கிற தப்பு, டீச்சர் ஒரு வேகம் போட்டு, ‘இதுக்குச் சரியா நடங்க’ என்று தொடங்குவது. பெரியவர்கள் தன்போக்கில் தட்டினால் நிமிஷத்துக்கு 100 தட்டை ஒட்டி வரும். ஐந்து வயசுப் பிள்ளை தன்போக்கில் தட்டினால் 130, 140. நம்ம வேகத்துக்கு அவனை இழுத்தால் அவன் காலும் கஞ்சிராவும் ரெண்டு வழிக்குப் போகும், ‘இவனுக்கு லயமே இல்லை’ என்று நாம எழுதி வைத்துவிடுவோம்.

அதனால் தலைகீழாகச் செய்யணும். ஒரு பிள்ளையை அதன் இஷ்டத்துக்கு நடக்க விடுங்க. அதன் குதிகால் விழுகிற இடத்தில் நீங்க தட்டுங்க. 16 தட்டு போனதும் மத்தவர்கள் அந்தப் பிள்ளையோடு சேர்ந்து நடக்கணும். அப்புறம் அடுத்த பிள்ளை. ஒரு வகுப்பில் ஆறு பேருக்கு மேல் வராது, அது போதும். தன் காலடியைப் பறை மாதிரி இன்னொருத்தர் தட்டுவதைக் கேட்டால்தான் ‘தட்டும் அடியும் ஒண்ணு’ என்பது பிள்ளைக்குப் பிடிபடும். அதன் பிறகு நீங்க வேகத்தை மாற்றலாம், 130இல் இருந்து 115, பிறகு 100 என்று கொஞ்சம் கொஞ்சமாக.

மெதுவாக நடப்பதுதான் கஷ்டம், வேகமாக நடப்பது அல்ல. ஒரு காலைத் தூக்கி அந்தரத்தில் வைத்திருக்கிற நேரம் கூடுகிறது, உடம்பு சாய்கிறது, பிள்ளை விழாமல் இருக்க அவசரமாகக் காலை ஊன்றிவிடும். காது கேட்டும் கால் தப்பும் இடம் இது. 80க்குக் கீழே போகும்போது அடிக்கும் அடிக்கும் நடுவில் ஒரு வேலை கொடுங்க: ‘ஊன்று, முட்டியை மடக்கு, ஊன்று, முட்டியை மடக்கு.’ நடுப்பகுதி நிரம்பிவிட்டால் அவசரம் போய்விடும். கர்வை, அதாவது நீட்டிப் பிடிக்கிற இடைவெளி, என்றால் என்ன என்று பிறகு விளக்கவே தேவையில்லை.

#3 சிரட்டை

இடத்தைப் பத்திச் சொல்றேன். 600 சதுர அடியில் 22 பேர் என்றால் ஆளுக்கு 27 சதுர அடி. நின்ற இடத்தில் ஆட தாராளம், ஓடினால் மோதும். பாதிப் பேர் நடக்க, பாதிப் பேர் சுவரை ஒட்டி உட்கார்ந்து தொடையில் தட்டணும். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்க. உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தட்டும் வேலை இல்லை என்றால் அங்கேயிருந்துதான் கும்மாளம் ஆரம்பிக்கும்.

அப்புறம் வட்டமாகவே சுத்த விடாதீங்க. எல்லாரும் ஒரே திசையில் போனால் முன்னால் போகிறவனின் முதுகைப் பார்த்தே நடப்பாங்க. ‘காலியான இடத்தைப் பார்த்து நட’ என்று ஒரே விதி. பார்த்து நடக்க ஆள் இல்லாதபோதுதான் காது திறக்கும்.

நிறுத்தும் சைகை கண்டிப்பாகக் காதால் கேட்டு அறிகிறதாக இருக்கட்டும், உங்க குரலாக இருக்கக் கூடாது. சுருதிப்பெட்டி ஓடிக்கொண்டே இருக்கணும், நின்றால் சிலை. 22 பேர் சத்தத்துக்கு மேல் கத்தினால் தொண்டை ஒரு மாசம் தாங்காது. சுருதியைக் கேட்கணும் என்றால் அவர்களே சத்தத்தைக் குறைக்கணும், அது இலவசமாகக் கிடைக்கிற ஒழுங்கு.

#4 வேலந்தாவளம் ரோடு

குரல் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் நம்ம ஊரில் உண்டு. மலையாளத்தில் ‘உறக்கெ பாடு’ என்றால் சத்தமாகப் பாடு. தமிழ்ப் பிள்ளை ‘உறக்கம்’ என்று எடுத்துக்கொண்டு குறட்டை விடும். ‘சாடு’ என்றால் மலையாளப் பிள்ளை குதிக்கும், தமிழ்ப் பிள்ளை முழிக்கும். நட, ஓடு, நில்லு, இந்த மூணும் ரெண்டு பக்கத்துக்கும் பொது. அதோடு நிறுத்திக்கோங்க, மீதியைத் தாளமே சொல்லட்டும்.

#5 பழைய மாணாக்கர்

எல்லாம் சரி. ஆனால் ஒரு விஷயம் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். புரந்தரதாசர் (1484–1564) வகுத்தார் என்று சொல்லப்படும் சரளியும் ஜண்டையும் அலங்காரமும் சும்மா வந்தவை அல்ல. அதிலேயே அசைவு இருக்கிறது. லகு, த்ருதம் என்பவை தாளத்தின் பகுதிகள். லகுவுக்கு ஒரு தட்டு, விரல் எண்ணிக்கை, த்ருதத்துக்குத் தட்டும் வீச்சும். பாடும் வாய்க்குக் கை கணக்கு வைக்கிறது. அதை விட்டுவிட்டு நடக்கவும் குதிக்கவும் வைத்தால் ஒரு வருஷம் கழித்துக் கையில் ஆதி தாளம் நிற்குமா? செம்பை வைத்தியநாத பாகவதரும் பாலக்காடு மணி ஐயரும் பிறந்த மண்ணில் அடிப்படையைக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

#6 தாளக்கட்டு

ஐயா, கோபம் எதற்கு, சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறீங்க. கைத்தாளம் அசைவுதான், மறுக்கவில்லை. ஐந்து வயசில் அது ஏன் உடைகிறது என்று மட்டும் பாருங்க. சுண்டுவிரலைத் தொடலாம். மோதிர விரலை மட்டும் தனியாக மடக்கச் சொன்னால் நடுவிரலும் சுண்டுவிரலும் கூடவே வரும். பிள்ளை விரலைப் பார்க்கும். பார்க்கிற நேரத்தில் வாய் நிற்கும், இல்லையென்றால் விரல் நிற்கும். எட்டு வயசுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதுவரைக்கும் எண்ணிக்கையை விரலில் இருந்து எடுத்து உடம்பு முழுக்கப் பரப்பணும். தாளம் மாறவில்லை, உறுப்பு மாறுகிறது.

ஆதி தாளத்துக்குத் தரையில் எட்டுக் கட்டம் போடச் சொல்லுவாங்க, பாண்டி ஆட்டம் மாதிரி, மலையாளத்தில் அக்குகளி. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தாளத்துக்கு உதவாது. எட்டாவது கட்டத்தில் நிற்கிற பிள்ளை அடுத்த தட்டில் ஒன்றாம் கட்டத்தில் இருக்கணும். நேர்கோட்டில் போட்டால் எட்டடி திரும்பி ஓடணும், அதற்குள் இரண்டு மூன்று தட்டு போய்விடும். ஆவர்த்தம் என்பது சுற்று, கோடு அல்ல. சுற்றாகப் போடுங்க. கட்டத்துக்கு 35 செ.மீ. என்று எட்டுக் கட்டம் போட்டால் சுற்றளவு 280, அதாவது குறுக்களவு 90 செ.மீ. ஒரு ஆணியில் 45 செ.மீ. கயிறு கட்டிச் சாக்பீஸால் சுற்றினால் முடிந்தது. ஒரு வட்டத்துக்கு ஒரு பிள்ளைதான், நாலு ஆவர்த்தம் போனதும் திசையை மாற்றச் சொல்லுங்க, இல்லையென்றால் தலை சுற்றும்.

22 பேருக்கு வட்டம் போட்டு முடியாது. அதற்குப் பந்து இருக்கு. எட்டுப் பேர் வட்டமாக உட்காரணும். சுருட்டிக் கட்டின தோர்த்துத்தான் (துண்டுதான்) பந்து. ஒரு தட்டுக்கு ஒரு கை மாறணும். 1, 5, 7 என்ற இடங்களில் இருப்பவர்கள் பந்து வந்ததும் அதைத் தரையில் ஒரு அடி அடித்துவிட்டுத் தரணும், அது தட்டு. 6, 8 இடத்தார் தலைக்கு மேல் தூக்கிக் காட்டித் தரணும், அது வீச்சு. 2, 3, 4 சும்மா கைமாற்று. ஒரு பிள்ளைக்குத் தன் ஒரு இடம் மட்டும் தெரிந்தால் போதும், ஆனால் மொத்தமும் ஆதி தாளமாகக் கேட்கும். நாலு ஆவர்த்தத்துக்கு ஒருமுறை எல்லாரும் ஒரு இடம் வலப்பக்கம் நகரணும். எட்டு இடத்துக்கும் நகர்ந்து முடித்ததும் ஒவ்வொருத்தரும் லகுவின் முதல் தட்டையும் த்ருதத்தின் வீச்சையும் செய்திருப்பார்கள்.

பந்து விழும். கட்டாயம் விழும். விழுந்ததும் எல்லாரும் சிரித்து நிறுத்திவிடுவதுதான் இந்த ஆட்டத்தின் நோய். அதற்கு ஒரே விதி: பந்து விழுந்தாலும் கைமாற்று நிற்கக் கூடாது, வெறும் காற்றைக் கொடுத்து வாங்கணும், அடுத்த சமத்தில், அதாவது ஆவர்த்தத்தின் முதல் தட்டில், புதுப் பந்து உள்ளே வரும். மடியில் இரண்டு தோர்த்து உருண்டை கூடுதலாக வைத்துக்கோங்க.

#7 மேளப்பறம்பு

22இல் எட்டு, எட்டு போனால் ஆறு பேர் மிச்சம், அல்லே? அந்த ஆறு பேரை உட்கார்த்தி வைக்காதீங்க, அது பஞ்சாரி வட்டம். பஞ்சாரி செண்டை மேளத்தின் ஒரு தாளம், ஆறு அட்சரம், அதாவது ஆறு தட்டு. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பூரம், வேல என்கிற கோயில் திருவிழாக்களுக்குத் தோளில் ஏறி அதைக் கேட்டு வளர்ந்தவை. மேளத்தில் ஒரு சுற்றுக்கு 96, 48, 24, 12, 6 அட்சரம் என்று குறைந்து காலம், அதாவது வேகம், ஏறும். கடைசிக் காலத்தில் எல்லார் கையும் தானாகவே மேலே போகும், சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. கர்நாடக சங்கீதக் கணக்கில் சதுஸ்ர ரூபகம் 2+4, அதுவும் ஆறுதான். ஆகவே அந்த வட்டத்தில் 1, 3 இடத்தில் தட்டு, 2 வீச்சு, மீதி கைமாற்று.

எட்டு வட்டமும் ஆறு வட்டமும் ஒரே தட்டில் ஒன்றாகத் தொடங்கினால் 24 தட்டுக்கு ஒருமுறை ரெண்டு சமமும் ஒன்றாக விழும். எட்டு வட்டத்துக்கு மூணு ஆவர்த்தம், ஆறு வட்டத்துக்கு நாலு. அந்த இடத்தில் எல்லாரும் ‘ஹோய்’ சொல்லணும். ஏழு வயசுக்கு மேலே மட்டும். சின்னதுகள் அடுத்த வட்டத்தோடு ஒட்டிக்கொண்டு போயிடும், அவைகளுக்கு ரெண்டு வட்டமும் எட்டாகவே இருக்கட்டும்.

செண்டையை மட்டும் தகரக் கூரைக்கு அடியில் எடுத்து வராதீங்க, ப்ளீஸ். செண்டை படிக்கிற பிள்ளையே முதலில் புளிமுட்டி வைத்துக் கல்லில்தான் சாதகம் செய்யும். ரெண்டு புளியங்கொம்பு, ஒரு தட்டைக் கல் போதும். சத்தம் சின்னது, அடி தெளிவு.

#8 வேலந்தாவளம் ரோடு

மிதுனத்திலும் கர்க்கிடகத்திலும் (ஆனி, ஆடியில்) மழை தகரத்தில் விழுந்தால் கல்லும் கேட்காது, சுருதிப்பெட்டியும் கேட்காது. அந்தச் சனிக்கிழமைகளுக்கு என்ன வழி?

#9 தாளக்கட்டு

கேட்காது என்றால் தொடணும். வரிசையாக உட்கார்ந்து முன்னால் இருக்கிறவன் முதுகில் தட்டு. கடைசியில் இருந்து ‘தகிட’ அனுப்பினால் முதல் ஆள் வரைக்கும் போய், அவன் தரையில் அதை அடித்துக் காட்டணும். 11 பேர் கொண்ட இரண்டு வரிசை. நடுவில் ‘தகதிமி’யாக மாறிப்போனால் எந்த இடத்தில் மாறியது என்று திரும்பி அனுப்பிப் பார்க்கலாம். காது கேட்காத பிள்ளை வகுப்பில் இருந்தாலும் இது அப்படியே வேலை செய்யும்.

சொற்கட்டுக்கு, அதாவது வாயால் சொல்லும் தாளச் சொல்லுக்கு, வருவோம். தகிட 3, தகதிமி 4, தகதகிட 5, தகிட தகதிமி 7. பிள்ளை வாய்க்கு முதலில் சாப்பாட்டுப் பேர் கொடுங்க. எளநி மூணு. வடகறி நாலு. கருவடகம் ஐந்து. எளநி வடகறி ஏழு. அசை எண்ணிக்கை மட்டும் பார்த்துப் பேர் தேடினால் மாட்டிக்கொள்வீங்க. ‘வாழக்கா’ மூணு அசைதான், ஆனால் வா நெடில், இரண்டு மாத்திரை எடுக்கும், நடை ஒரு பக்கம் சாயும். எல்லாம் குறிலாக இருக்கிற சொல், இல்லாவிட்டால் நடுவில் மெய் வந்து சமமாக நிற்கிற சொல்.

இரண்டாம் காலத்துக்கு, அதாவது இரட்டை வேகத்துக்கு, நம்ம எல்லையே ஒரு சொல் கொடுத்திருக்கு. தமிழில் மரவள்ளி, நாலு தட்டு. மலையாளத்தில் கப்ப, ரெண்டு. ஒரே கிழங்கு. தமிழ்ப் பிள்ளைகள் ‘ம-ர-வள்-ளி’ சொல்லுகிற நேரத்துக்குள் மலையாளப் பிள்ளைகள் ‘கப்-ப’ சொல்லி முடிக்கணும், கால் ரெண்டு பேருக்கும் கப்பவின் தட்டிலேயே நடக்கணும். பிறகு மாற்றிக்கோங்க.

இதில் வருகிற கோளாறு எல்லா ஊரிலும் ஒன்றுதான்: வாய் இரட்டித்ததும் காலும் இரட்டிக்கும். ஒரே உடம்புக்குள் இரண்டு வேகம் முதல் நாளே நிற்காது. முதல் வாரம் ஒரு கூட்டம் கால் மட்டும், இன்னொரு கூட்டம் வாய் மட்டும். இரண்டாம் வாரம் கால் எல்லாருக்கும், வாய் பாதிப் பேருக்கு. மூன்றாம் வாரம்தான் தனி ஆளுக்கு இரண்டும். கால் வேகத்தை மாற்றி வாயை அதே வேகத்தில் வைத்திருப்பது அதைவிடக் கடினம், அது கடைசி.

#10 பனையோலை

நடை பற்றி நல்ல தெளிவு, நன்றி மாஷ். இப்போது ஸ்வரம். ‘மேலே பாடு’ என்றால் கத்துகிறார்கள். ‘கீழே’ என்றால் முணுமுணுக்கிறார்கள். ச என்று பிடிக்கச் சொன்னால் பாதிப் பேர் உறுமுகிறார்கள்.

#11 ரெண்டு கட்டை

உறுமலுக்குக் காரணம் பிள்ளைகள் அல்ல, சுருதி. பெண் குரலுக்குப் பழகின 5½ கட்டையில் (கீபோர்டில் ஜி ஷார்ப்) சுருதிப்பெட்டி இருந்தால் ச என்பது ஐந்து வயசுத் தொண்டைக்கு அடித்தட்டு. அந்தக் குரல் சுகமாக இருக்கிற இடம் கீபோர்டில் நடு ஸிக்கு அடுத்த டி முதல் அதற்கு மேலே ஏ வரை, கொஞ்சம் முன்பின். அதனால் சுருதியை 2 கட்டையில், அதாவது டியில், வையுங்க, ச முதல் ப வரை மட்டும் பாடுங்க. மேல் ச இப்போது வேண்டாம்.

ஆண் ஆசிரியர் பாடிக்காட்டினால் இன்னொரு சிக்கல். அவர் குரல் ஒரு ஸ்தாயி கீழே நிற்கும், சில பிள்ளைகள் அந்தக் கனத்தையே தேடிப் போய் உறுமும். கீபோர்டில் காட்டுங்க, ஆனால் பியானோ தொனியில் வேண்டாம், அடித்ததும் தேய்ந்துவிடும். புல்லாங்குழல் தொனி நீட்டி நிற்கும், பிள்ளை குரல் அதைத் தேடிப் போய்ச் சேர நேரம் கிடைக்கும்.

மேல், கீழ் குழப்பம் சொல்லில் இருக்கு. நாம சத்தத்தையும் ‘ஏத்து’ என்கிறோம், ஸ்வரத்தையும் ‘ஏத்து’ என்கிறோம். கீபோர்டில் மேல் ஸ்வரம் மேலே இல்லவே இல்லை, வலப்பக்கம் இருக்கு. கீபோர்டைச் செங்குத்தாகச் சுவரில் சாய்த்து, மேல் ஸ்வரம் மேலே வரும்படி ஒருத்தர் பிடித்துக்கொண்டு வாசித்துக் காட்டுங்க. ஒரே தடவையில் புரியும். பிறகு கைக்கு இரண்டு வேலை: ஸ்வரம் ஏறினால் கை உயரணும், சத்தம் கூடினால் கைகளுக்கு நடுவே இடைவெளி அகலணும். மேல் ஸ்வரத்தை மெல்லிசாகவும் கீழ் ஸ்வரத்தைப் பலமாகவும் வாசித்து மாற்றி மாற்றிச் சோதியுங்க. உயரத்தில் ஒட்டின கைகள், தாழ்வில் விரிந்த கைகள், இது வந்துவிட்டால் குழப்பம் போச்சு.

ச என்றால் காலைத் தொடு, மேல் ச என்றால் தலையைத் தொடு, இந்த ஆட்டம் பல இடத்தில் சொல்லப்படும். குனிந்தால் வயிறு மடிந்து மூச்சு நசுங்கும், ச இறங்கிவிடும். நின்றபடி தொடையில் ச, இடுப்பில் ரி, வயிற்றில் க, மார்பில் ம, தோளில் ப. குனிகிற வேலை வேண்டாம்.

முதல் பாட்டு ப–க, ப–க. அந்தர காந்தாரம், அதாவது சவில் இருந்து நாலு அரை ஸ்வரம் மேலே இருக்கிற க. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைத் தெருவில் கூப்பிடுகிற இழுப்பு அதுதான். கண்ணைக் கட்டி நடுவில் ஒருவர் நிற்க, மத்தவர்களில் ஒருவர் தன் பேரை ப–கவில் பாட, நடுவில் நிற்கிறவர் அந்தத் திசைக்கு நடந்து போய் அதே ஸ்வரத்தில் பேரைத் திருப்பிச் சொல்லணும். பேசினால் செல்லாது, பாடணும். தனியாகப் பாடக் கூச்சப்படுகிற பிள்ளையும் இதில் இரண்டு ஸ்வரம் தனியாகப் பாடிவிடும், பாடினோம் என்று தெரியாமலே.

#12 பழைய மாணாக்கர்

சுருதி பற்றிச் சொன்னது முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஐந்தரைக் கட்டையில் குழந்தைகளை உறும வைப்பதை எத்தனையோ இடத்தில் பார்க்கலாம். ஆனால் ராகம்? மாயாமாளவகௌளையில் தொடங்குவதா, ஐந்து ஸ்வர ராகத்தில் தொடங்குவதா?

#13 ரெண்டு கட்டை

ஐயா, தரையில் அளந்து பார்த்தால் பதில் தெரியும். அரை ஸ்வர இடைவெளிக்கு 15 செ.மீ. என்று வையுங்க. மாயாமாளவகௌளை: ச 0, ரி 15, க 60, ம 75, ப 105, த 120, நி 165, மேல் ச 180. கறுப்பு டேப்பால் இரண்டு கோடு, குறுக்கே எட்டுப் படி, சிவப்பு டேப். ச–ரி ஒட்டி நிற்கும், ரி–க ஒரு தாவல். நடுவே ம–ப இடைவெளியை வைத்து மடித்தால் கீழ்ப் பாதியும் மேல் பாதியும் ஒன்றன் மேல் ஒன்று விழும்: சின்ன அடி, பெரிய தாவல், சின்ன அடி. கீழ்ப்பாதி தெரிந்த பிள்ளைக்கு மேல்பாதி பாதி தெரிந்தாச்சு. முன்னோர் இந்த ராகத்தில் தொடங்கினதற்கு அருமையான காரணம் காலுக்கே தெரியும்.

அதே ஏணியில் மோகனம் பச்சை டேப்: 0, 30, 60, 105, 135, 180. ச, க, ப, மேல் ச நாலும் இரண்டு ராகத்துக்கும் பொது. அரை ஸ்வரம் எங்கேயும் இல்லை. ஐந்து வயசுப் பிள்ளை ச–ரி அரை அடியைப் பாடும்போது ரி வழுக்கி சவிலேயே விழும், அல்லது மேலே ஏறி இரண்டு அடி ரியாகும். மோகனத்தில் அந்த வழுக்கல் இல்லை. ஆகவே என் கட்சி: ஐந்து, ஆறு வயசுக்கு மோகனம், ஏழு தொடங்கி அதே ஏணியில் சிவப்பு. இரண்டு வருஷம் தள்ளவில்லை, ஐயா, பச்சையில் இருந்து சிவப்புக்கு மாறும்போது ‘ரி எங்கே நகர்ந்தது?’ என்ற கேள்வியைக் காலே கேட்கும்.

ஒரு எச்சரிக்கை: 15 செ.மீ. படிக்குப் பாதம் நேராக வைக்க இடம் போதாது. ஏணிக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்று ஏறணும். தாவும்போது பாட வேண்டாம், கால் ஊன்றின பிறகு பாடணும். குதிக்கிற நேரத்தில் பாடினால் ஸ்வரம் உதறும்.

#14 பழைய மாணாக்கர்

மடித்துப் பார்க்கும் கணக்கு அழகு. பச்சைக்கு ஒரு வருஷம் அனுமதி. இரண்டு வருஷம் அதிகம்.

#15 சிரட்டை

சைலபோன் வாங்க நினைத்தால் கட்டை கழற்றக்கூடியதாகப் பாருங்க. ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் 1924இல் டோரதி குந்தரோடு மியூனிக்கில் நடத்தத் தொடங்கின பள்ளியில் இருந்து வளர்ந்த முறையில் இதுதான் சூட்சுமம்: வேண்டாத கட்டையைக் கழற்றிவிட்டால் பிள்ளை எதைத் தட்டினாலும் தப்பில்லை. ஸி தொடங்கும் சைலபோனில் எஃப், பி இரண்டையும் கழற்றினால் மிச்சம் மோகனம்தான். மலிவு விலைப் பொம்மை சைலபோன் பெரும்பாலும் சுருதி சேராது, கடையிலேயே போனில் ட்யூனர் செயலியைத் திறந்து ஒவ்வொரு கட்டையையும் பாருங்க. ஒரு கட்டை விலகினாலும் வேண்டாம், ஏணியில் சேர்த்த காதைக் கெடுக்கும்.

இனி ஆக்க அசைவு. ‘வண்ணத்துப்பூச்சி மாதிரி ஆடு’ என்று சொன்னால் 22 பேரும் ஒரே மாதிரி கையை அடிப்பார்கள். சொல்லும் படத்தைப் பிள்ளை நகல் எடுக்கும், தாளத்தைக் கேட்காது. படத்துக்குப் பதிலாக ஒரு கட்டுப்பாடு கொடுங்க. ‘முழங்கை மட்டும் ஆடலாம்.’ ‘தரையை மூணு உறுப்பால்தான் தொடலாம், பாதம் ரெண்டும் கூடாது.’ ‘எட்டு எண்ணிக்கை முடியும்போது தரையில் இருக்கணும், அதற்கு முன்னால் தொடக் கூடாது.’ கடைசியில் சொன்னதை 8, 4, 16 என்று மாற்றி ஆடினால் எண்ணிக்கையின் நீளம் உடம்பில் உட்காரும். எட்டில் விழுபவன் ஐந்திலேயே தரைக்கு வந்துவிட்டால் அடுத்த தடவை தானாகவே மெதுவாக இறங்குவான், திருத்த வேண்டியதில்லை.

கர்வைக்குத் துணி. தோர்த்து வேகமாக விழும், பழைய ஜார்ஜெட் துப்பட்டாவை 50 செ.மீ. சதுரமாக வெட்டி ஓரம் தைத்தால் மிதந்து இறங்கும். மேலே எறிந்து, தரை தொடும் வரை ஒரே மூச்சில் ப. தோர்த்துக்குக் குட்டை ப, ஜார்ஜெட்டுக்கு நீள ப. பிளாஸ்டிக் கவர் இன்னும் நன்றாக மிதக்கும், ஆனால் தலையில் மாட்டுவார்கள், வேண்டாம். ஃபேனை அணைக்க மறக்காதீங்க.

#16 பனையோலை

கிலுகிலுப்பை செய்ய வீட்டில் குன்னிக்குரு ஒரு டப்பா நிறைய இருக்கு. சின்னது, உருண்டை, நல்ல சத்தம். போடலாமா?

#17 சிரட்டை

வேண்டவே வேண்டாம்! குன்னிக்குரு, அதாவது குன்றிமணி, விதைக்குள் கடும் விஷம். மேல்தோடு முழுசாக இருக்கும் வரை பெரும்பாலும் கடந்து போய்விடும், கடித்து உடைத்தாலோ துளை போட்டிருந்தாலோ உயிருக்கே ஆபத்து. புட்டி உடைந்தால் தரையெல்லாம் சிவப்பு மணி, முதலில் வாய்க்குத்தான் போகும். புளியங்கொட்டை போடுங்க.

அளவு: 200 மி.லி. புட்டிக்குக் கால் பாகம். நிறைய போட்டால் மணி உருள இடமில்லாமல் ‘புஸ்’ என்று ஒரே இரைச்சல்தான் வரும், தட்டு தனியாகக் கேட்காது. மூடியை எம்-சீல் வைத்து ஒட்டி மேலே டேப். 22 பேருக்கும் கொடுக்காதீங்க, ஆறு போதும். கைக்குப் பொருள் வந்ததும் காது மூடும், அதனால் எந்தத் தாளமும் முதலில் வெறுங்கையில் வந்த பிறகுதான் கருவி.

சிரட்டைத் தாளம் செய்கிறதானால் விளிம்பை 80 நம்பர் உப்புத்தாளிலும் பிறகு 120லும் தேய்க்கணும். கோலாட்டக் குச்சி 30 செ.மீ., கட்டைவிரல் பருமன், முனை உருட்டினது. வள்ளி கும்மி ஆடுகிற வீட்டுப் பிள்ளைகள் கிழக்குப் பக்கத்தில் இருந்து வந்தால் அவர்களை முன்னால் விடுங்க, அடி ஏற்கெனவே காலில் இருக்கும்.

#18 தாளக்கட்டு

45 நிமிஷத்தைப் பிரிக்கக் கேட்டீங்களே. வந்ததும் பேச்சில்லாமல் நடை, செருப்பைக் கழற்றுகிறவன் கழற்றினபடியே வந்து சேரலாம், 6 நிமிஷம். பந்து வட்டம் 10. பிறகு உட்கார்ந்து பேர் பாடும் ஆட்டம் 8, மூச்சு அடங்கணும், ஓடி முடித்த உடனே பாட வைத்தால் சுருதி சேராது. ஏணி 10, மூணு ஏணி போட்டால் வரிசையில் நிற்கிற நேரம் குறையும். கடைசி 8இல் துணி அல்லது சிலை ஆட்டம். மிச்சம் மூணு நிமிஷம் படுத்துக்கொண்டு சுருதிப்பெட்டியை மட்டும் கேட்கட்டும். புது ஆட்டம் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம், விதி சொல்லியே நேரம் போகும்.

‘எப்போ மேடையில் பாடுவாள்’ என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரு நோட்டில் மூணு பத்தி: துணையில்லாமல் 16 தட்டு மாறாமல் நடக்கிறாளா, இரண்டு ஸ்வரம் கேட்டுத் திருப்பிப் பாடுகிறாளா, சுருதி நின்றதும் நிற்கிறாளா. மாசம் ஒருமுறை டிக். வாரா வாரம் பார்த்தால் எதுவும் மாறின மாதிரி தெரியாது.

#19 வேலந்தாவளம் ரோடு

சந்தேகம் ஒன்று. ஈரச் சிமெண்டில் சாக்பீஸ் நிற்காது, கோலமாவு வழுக்கும். அடுத்த சனி மழை என்றால் ஏணியை எதில் போடுவது?

#20 ரெண்டு கட்டை

பழைய ஃப்ளெக்ஸ் பேனர். வெள்ளைப் பின்பக்கத்தில் பெர்மனென்ட் மார்க்கரால் கோடு போட்டு, நாலு மூலையையும் தரையோடு டேப் ஒட்டணும், இல்லாவிட்டால் தாவும்போது நழுவும். சுருட்டி வைத்துவிடலாம். மடித்தால் மடிப்பில் கால் தட்டும்.